ஓட்டுப் போடும் வயது வராத பிள்ளைக்கு அரசியலை எங்கிருந்து சொல்லிக் கொடுப்பது?

சாரல்மழை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து, கையில் ஆரஞ்சு மிட்டாயோடு வந்து நின்றாள். நான் கிராம சபைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு அரசியல் சொல்லித் தரலாம் என்ற நினைப்பெல்லாம் எனக்கு அப்போது இல்லை.

சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் பதிவேடு. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், சிலர் போட்ட கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "கூட்டமே ஆரம்பிக்கல, அவங்க ஏம்மா போறாங்க?" என்று கேட்டாள். வேலை இருக்கும் என்றேன்.

அப்புறம் ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசித்தார். குடிநீர், குப்பை, மின்கட்டணம் என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. 'தெருவிளக்கு பராமரிப்பு' என்று ஒரு தொகையை வாசித்ததும் இவள் சத்தமாக, "எங்க தெருவுல விளக்கே எரியலையே" என்றாள். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சம். சட்டென்று அவள் வாயைப் பொத்திவிட்டேன். பின் வரிசையில் இருந்த ஒரு ஆச்சிதான், "பிள்ள சொல்றது நெசந்தான, அதை எழுதுங்க" என்றார். தலைவரும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று கேள்வி கேட்டாள். தலைவருக்கு அந்தக் காசை யார் தருகிறார்கள்? எழுதிக்கொண்டு போய் அவர் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய்? முதல் கேள்விக்கு, வீட்டு வரி, நிதிக்குழு மானியம் என்று தெரிந்ததைச் சொன்னேன். இரண்டாவதுக்கு உளறினேன். மூன்றாவதுக்கு, "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றேன்.

வாயைப் பொத்தினது நாலு நாளாக மனதை உறுத்துகிறது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம்? ஆசிரியர்கள், பெற்றோர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்

சகோதரி, நான் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியன். உங்கள் மகளின் புத்தகத்திலேயே 'மக்களாட்சி', 'உள்ளாட்சி அமைப்பு' என்று பாடங்கள் உண்டு. அதில் வருவதைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். 73ஆவது திருத்தம், 1992. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. ஐந்தாண்டுப் பதவிக்காலம். எல்லாம் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம், "உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை, யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்று கேட்டால் "முதலமைச்சரிடம்" என்று பதில் வரும். பல வருடமாக இதைப் பார்த்துவிட்டேன்.

அதனால் நான் பாடத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பலகையில் பத்துப் பொருள் எழுதுவேன். தெருவிளக்கு, டிரான்ஸ்ஃபார்மர், ரேஷன் கடை, டவுன் பஸ், குளம், பள்ளிக்கூடக் கழிப்பறை, பட்டா, காவல் நிலையம், ரயில்வே கேட், ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று குழுவாகப் போய்க் கேட்டு வர வேண்டும். தெருவிளக்கு ஊராட்சி, அது மாட்டியிருக்கும் கம்பம் மின்வாரியம் என்று ஒரு குழு கண்டுபிடித்து வந்தபோது வகுப்பே ஆச்சரியப்பட்டது. ஒரே கம்பத்தில் இரண்டு அரசாங்கம் சார் என்றான் ஒருவன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்புறம் அதிகாரப் பகிர்வைப் பற்றி நான் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்தலும் நடத்துகிறோம். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு இருக்கிறதே, அதே நிறங்களில் காகிதம் வெட்டினோம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் வருடம் ஒரு பையன், "நான் ஜெயித்தால் தினமும் விளையாட்டு பீரியட்" என்று சொல்லி ஜெயித்தும் விட்டான். ஒரு மாதம் கழித்து, கொடுத்த வாக்கைப் பற்றிக் கணக்குச் சொல்லும் நாள் வைத்தோம். எழுந்து நின்றான், கண் கலங்கிவிட்டது. "கால அட்டவணை போடுறது ஹெச்.எம். கையில இருக்கு சார், எனக்குத் தெரியாது" என்றான். அடுத்த தேர்தலில் பிள்ளைகளே வேட்பாளரை மடக்கினார்கள்: "இது உன் அதிகாரத்துல இருக்கா?"

உங்கள் மகள் கேட்ட இரண்டாவது கேள்வி இதுதான். அவள் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் நிற்கிறாள்.

ரயிலடி

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்து வயதில் என் கையில் கொடியைக் கொடுத்து வேனில் ஏற்றினார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. தொண்டை கிழியக் கோஷம் போட்டேன், சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு நண்பனின் அப்பா எதிர்க்கட்சி. அவர் பெயரைச் சொல்லி நான் போட்ட கோஷத்தை அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதோடு அவன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான். இருவருக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. திருமண வீடுகளில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பிரசாரத்தில் எந்த வகையிலும் இறக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது. எங்கள் காலத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் மகனுக்கு ஒன்பது வயது. கணக்கும் தமிழும் படிக்கட்டும், பந்து விளையாடட்டும். பதினெட்டு வயதில் அவனே தெரிந்துகொள்வான். பெற்றோர் அரசியல் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்தால், கடைசியில் தன் கட்சியைத்தான் ஊட்டிவிடுகிறார்கள்.

சாரல்மழை

அண்ணாச்சி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. "யாருக்கு ஓட்டுப் போட்டாய்" என்பதற்கு நான் பதில் சொல்லாததும் அந்தப் பயத்தினால்தான். நான் ஒரு பெயர் சொன்னால் அவள் அதையே பிடித்துக்கொள்வாளோ என்று.

ஆனால் விளக்கு எரியவில்லை என்று அவள் சொன்னதில் கட்சி எங்கே இருக்கிறது? அதற்கும் நான் வாயைப் பொத்தினேனே.

கல்வெட்டுத்தாள்

சாரல்மழை அக்கா, வரலாறு படிக்கிறேன், ஆராய்ச்சி மாணவி. ஒரு ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் குடவோலை என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். முப்பது குடும்புகள், அதாவது அந்தக் காலத்து வார்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. பிள்ளைகளுக்கு அந்தச் சிறுவனை ரொம்பப் பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி. முன்பு வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று இருந்த ஒரு ஊரில் ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே உங்கள் மகளின் கேள்வியை யோசித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, அந்தச் சுவரைக் காட்டி "பார், அப்போதே நமக்கு ஜனநாயகம் இருந்தது" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின், சபை. நிற்பவருக்குச் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும், வயது முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள். ஏரியை வெட்டிய கைகளுக்கும், அந்த ஊரின் எந்தப் பெண்ணுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. நான் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, "உன் பெயர் ஓலையில் இருந்திருக்குமா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். முப்பது பேரில் ஒருவருக்கும் இருந்திருக்காது என்று தெரிந்ததும் சுவரை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெருமையும் கேள்வியும் ஒன்றாக இருக்கலாம், பிள்ளைகளுக்கு அது தாங்கும்.

இன்னொன்று. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். இதை மகளிடம் சொல்லிவிட்டு, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் முழுப்பெயர் தெரியுமா என்று கேளுங்கள்.

பூவரசு

நாங்கள் நகரத்தில் இருக்கிறோம், கிராம சபை இல்லை. என் பையனுக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் இது கடை பில்லில் தொடங்கியது. ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினான். பில்லைப் பார்த்து, "சி.ஜி.எஸ்.டி, எஸ்.ஜி.எஸ்.டின்னு ரெண்டு தடவை ஒரே காசு போட்டிருக்கான், ஏமாத்துறான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டான். ஒன்று டெல்லிக்கு, ஒன்று சென்னைக்கு என்று அவரே சொன்னார். அப்படியானால் தானும் வரி கட்டுகிறவன் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அரசு பஸ்ஸில் ஏறினால் "இதுல என் காசும் இருக்கு" என்பான். இருக்கத்தானே செய்கிறது.

ரயிலடி அண்ணா, ஓட்டுக்குத்தான் பதினெட்டு வயது. வரி கட்ட வயது வரம்பு இல்லை. எங்கள் எட்டு வயதுக்காரன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

எங்கள் தெருவிளக்கு போனபோது அவனையே மாநகராட்சிக்குப் போன் செய்ய வைத்தேன். கம்பத்தில் எழுதியிருந்த எண்ணை ஏணி போட்டுப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அந்தப் பக்கத்தில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டு, புகார் எண்ணை இரண்டு முறை சொன்னார். ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தது. அவன் கையில் அந்த எண் அழியாமல் இருக்க மூன்று நாள் இடது கையில் சோப்புப் போடவில்லை.

வண்டல்

இதுவரை எல்லோரும் நல்லதைச் சொன்னீர்கள். நான் ஒரு கசப்பைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் முதலில் பார்க்கும் அரசியல் அதுதான்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்து மணிக்கு மேல். என் தாயார் திண்ணையில் படுத்திருந்தார். இரண்டு பேர் வந்து, கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, வீட்டில் எத்தனை ஓட்டு என்று சரிபார்த்து, மடித்த நோட்டுகளை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். என் மகள் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. காலையில் கேட்டாள்: "அப்பாயி அவங்களுக்கு என்ன வேலை செஞ்சாங்க? எதுக்குக் காசு குடுத்தாங்க?"

என்னிடம் பதில் இல்லை. என் தாயார்தான் பதில் சொன்னார். "நான் ஒரு வேலையும் செய்யல கண்ணு. அதான் எனக்கே கூச்சமா இருக்கு" என்றார். மாத்திரை வாங்கக் காசில்லாத மாதம் அது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை முன்னால் பொய் சொல்லாமல் இருந்தாரே, அதற்காக இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன்.

அப்புறம் நான் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் இந்தப் பணத்தால்தான் தேர்தலையே நிறுத்தி, வேறொரு நாளில் நடத்தினார்கள். "அப்ப எல்லாரும் ஏன் வாங்குறாங்க?" என்றாள். சிலர் இல்லாமையால், சிலர் எல்லோரும் வாங்குகிறார்களே என்று, சிலர் வாங்காவிட்டால் பகை வருமோ என்ற பயத்தால். இத்தனையும் ஏழு வயதுக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவள் கண்ணால் பார்த்தாயிற்று. நான் சொல்லாவிட்டால், காசுக்குத்தான் ஓட்டு என்பதை விதி என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

ரயிலடி

வண்டல் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேற்று இரவு என் மகனிடம் அந்த வேன் கதையை முதல் முறையாகச் சொன்னேன். நண்பனின் பெயரையும் சொன்னேன். "நீங்க போய் சாரி சொல்லலையா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

என் கருத்து முழுதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கட்சிக்கொடியைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது, அதில் நான் உறுதி. ஆனால் கொடியைத் தள்ளி வைக்கிறேன் என்று கம்பத்து விளக்கையும் சேர்த்துத் தள்ளி வைத்திருக்கிறேன். அது தப்புதான்.

சாரல்மழை சகோதரியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. "கேட்கக் கூடாது" என்பதைவிட, "கேட்கலாம், சொல்வதும் சொல்லாததும் என் உரிமை" என்று சொல்லிப் பாருங்கள். நாளைக்கு அவளிடம் யாராவது மிரட்டிக் கேட்டாலும் அவளுக்கு அது உதவும்.

சாக்பீஸ்

ரயிலடி சொன்னது வகுப்பிலும் நடந்தது. ஓட்டு எண்ணி முடித்ததும், இரண்டே ஓட்டு வாங்கிய பையன் அழுதுகொண்டே, "என் பெஞ்சில நாலு பேரு, யாரு போடலன்னு சொல்லச் சொல்லுங்க சார்" என்றான். வகுப்பும் காகிதங்களைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்க்கலாம் என்றது. நான் பெட்டியைப் பூட்டி ஹெச்.எம். அறையில் வைத்துவிட்டேன். மறுநாள் முத்திரை குத்தும் முறைக்கு மாறினோம், கையெழுத்தே தெரியாதபடி. ரகசிய வாக்கு எதற்கு என்று அன்றைக்கு அவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் தேர்தலில் பெண் பிள்ளைகள் எல்லாம் பெண்ணுக்கும், பையன்கள் எல்லாம் பையனுக்கும் போட்டார்கள். அடுத்த வருடம் தெரு வாரியாகப் போட்டார்கள். எங்கள் ஊரில் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தது? வீட்டில் அரசியல் பேசவே மாட்டோம் என்கிற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அப்படித்தான் போட்டார்கள்.

அதற்கு நான் பிரசங்கம் செய்யவில்லை. குடிநீர்ப் பானைக்குப் பொறுப்பாளர் தேர்தல் என்று மாற்றினேன். வேலையைப் பட்டியல் போட்டோம்: காலை எட்டரைக்கு வர வேண்டும், பானை கழுவ வேண்டும், டம்ளர் எண்ண வேண்டும். "யார் செய்வார்கள்?" என்று கேட்டபோது எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெயரைச் சொன்னார்கள். எப்போதும் முதலில் வரும் ஒரு பெண் பிள்ளை. அந்தப் பானையில் இன்று எல்லோரும் தண்ணீர் குடிக்கிறார்கள்.

பனைவெளி (யாழ்ப்பாணம்)

வணக்கம். கதையோடு கதையாக எங்கட பக்கத்தையும் சொல்லுறன். எங்கள் பாடசாலைகளில் குடியியற் கல்வி என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆனால் என்ர மகனுக்கு விளங்கினது 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலோடுதான். இங்கே ஒரு வாக்குச் சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் குறிக்கலாம். அரைவாசிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள். அந்தமுறைதான் இலங்கையில் முதல் தடவையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. இரண்டாவது எண்ணிக்கை என்றால் என்ன என்று அவன் கேட்க, முற்றத்தில் கிடந்த மாம்பழங்களை எடுத்து வைத்து விளங்கப்படுத்தினேன். வீட்டில் ஏழு பேர். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட்டு. யாருக்கு எது முதல், எது இரண்டாவது என்று சீட்டு எழுதி எண்ணினோம். முதல் எண்ணிக்கையில் மூன்று, இரண்டு, இரண்டு. விலாட்டை நீக்கி அந்த இரண்டு சீட்டின் அடுத்த விருப்பத்தைப் பார்த்தோம். பின்னால் நின்ற வெள்ளைக்கொழும்பான் வென்றது. அம்மம்மாதான் கோவித்துக்கொண்டா.

வாக்களிக்காமல் விட்ட தேர்தல்களைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் ஏன் அநேகமாக ஒருவரும் வாக்களிக்கப் போகவில்லை என்று மகன் கேட்டான். அதற்கு ஒரு பின்னேரம் முழுக்கச் செலவானது. சொல்லி முடிக்கவில்லை, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கரிசல்

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஐந்து வருடம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். 2016இலிருந்து 2019 வரைக்கும் இப்படித்தான் இருந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் 243-ஈ பிரிவு சொல்கிறது. என் மகன் எட்டாவது. புத்தகத்தில் படித்துவிட்டு வந்து, "அப்ப நம்ம ஊர் தலைவர் எங்க?" என்கிறான். புத்தகம் ஒன்று சொல்கிறது, ஊர் ஒன்று காட்டுகிறது. இதற்கு என்ன சொல்வது?

சாக்பீஸ்

கரிசல், அவனிடம் அதையே சொல்லுங்கள். சட்டம் இப்படிச் சொல்கிறது, ஊரில் இப்படி இருக்கிறது, நடுவில் உள்ள இடைவெளிக்கு இன்னின்ன காரணம் சொல்கிறார்கள் என்று. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் காரணம் வரும். அவனே செய்தித்தாளில் தேடி ஒரு பக்கம் எழுதட்டும். புத்தகம் பொய் என்ற முடிவுக்கு மட்டும் அவன் போய்விடக் கூடாது. 243-ஈ எழுதப்பட்டிருப்பதால்தான் அவனால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிகிறது.

அந்த மாதிரி ஊர்களிலும் கிராம சபை உண்டு, தனி அலுவலர் நடத்துவார். கூட்டிக்கொண்டு போங்கள்.

பூவரசு

ஒரு சின்னச் சேர்க்கை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு. என் அக்கா மகள் பதினொன்றாவது, அரசியல் எல்லாம் அவளுக்கு ரீல்ஸில்தான். இவர் உத்தமர், அவர் திருடர் என்று முப்பது வினாடியில் முடிந்துவிடும். வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம் என்று காட்டினேன். எங்கள் தொகுதி வேட்பாளர்கள் நான்கு பேருடையதை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் பரப்பி வைத்துப் படித்தாள். தான் ரசித்த ஆளின் பத்திரத்தில் வழக்குப் பகுதி இரண்டு பக்கம் போவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வழக்கு இருப்பது வேறு, தண்டனை வேறு, போராட்ட வழக்கு வேறு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான் அவளுக்குத் துணை தேவைப்பட்டது. பதினேழு முடிந்தாலே பெயர் சேர்க்க முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்ததும் படிவம் 6ஐத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சாரல்மழை

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், வீட்டில் பருத்தி எடுப்பு.

கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. என் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டோம். பேச்சியம்மாள். சமூக அறிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

தெருவிளக்கு பதினோராம் நாள் எரிந்தது. எரிந்த அன்று இவள் கீழே நின்று பத்து நிமிடம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருப் பிள்ளைகள் வந்து தங்கள் தெருவுக்கும் கேட்கச் சொன்னார்கள். சாக்பீஸ் சார் சொன்ன பட்டியலைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஏழு பிள்ளைகள் சேர்ந்து சுற்றிவருகிறார்கள். குழாய், விளக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேங்கும் சாக்கடை, ரேஷன் கடை திறக்கும் நேரம் என்று நாலு பக்கம் எழுதியாகிவிட்டது. ரேஷன் கடை ஊராட்சியின் கையில் இல்லை என்று அவர்களே அடித்துவிட்டு, வேறு தாளில் எழுதியிருக்கிறார்கள்.

சாக்கடைக்கு அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம். சபையில் உறுப்பினர் என்றால் வாக்காளர்தான் என்பதால் மனு என் பெயரில், எழுத்து அவளுடையது. நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறவர்களிடம், "சாக்கடை விஷயம் வரும்வரை இருங்க" என்று வீடு வீடாகச் சொல்லப் போகிறார்களாம். அது அவர்களே எடுத்த முடிவு.

வாயைப் பொத்தினதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப மூணாவது கேள்வி?" என்றாள். ரயிலடி அண்ணாச்சி சொன்னபடி, சொல்வதும் சொல்லாததும் என் உரிமை என்று முதலில் சொன்னேன். அப்புறம் நானாகவே சொல்லிவிட்டேன், யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்று. 2021இல் இப்போதைய தலைவருக்குத்தான் போட்டேன், குடிதண்ணீர்க் குழாயை எங்கள் தெருவரைக்கும் நீட்டுவேன் என்று அவர் சொன்னதால். நீட்டினாரா என்று கேட்டாள். பாதித் தெருவரைக்கும் என்றேன்.

"அப்ப அதையும் மனுல எழுதுறேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.